அறிந்த தேதி

என் மகள் ரொவீனாவை நாற்பத்தொரு வழக்கறிஞர் நிறுவனங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தன. நாற்பத்திரண்டாவது, மான்செஸ்டரில் இருப்பது, நேரில் வரச் சொன்னது. பயிற்சி வழக்கறிஞர்களைத் தேர்ந்தெடுக்கும் நாள் மார்ச் பதினைந்து, வியாழக்கிழமை.

மான்செஸ்டரை ஒட்டிய ஓல்டமில் எங்கள் சமையலறை மேசை அந்த வாரம் முழுக்க அவளுடையது. நான் பாத்திரம் கழுவும் தொட்டியருகே நின்றபடியே சாப்பிட்டேன்.

"அன்னைக்கு மத்தியான சாப்பாட்டுக்கு மார்க் கிடையாதுன்னு சொல்வாங்கம்மா. சுத்தப் பொய். எதை எடுக்குறேன், யார்கிட்ட பேசுறேன், எல்லாத்தையும் பாப்பாங்க."

"அப்ப முட்டை சாண்ட்விச்சத் தொடாத. பல்லுல ஒட்டும்."

"இதுக்குத்தான் உன்னை வச்சிருக்கேன்."

செவ்வாய்க்கிழமை மாலை, அந்த நிறுவனம் அனுப்பிய மாதிரிப் பயிற்சியை எடுத்தாள். ஒரு விதவை, கணவன் ஆலைத் தூசியால் இறந்தவன், வழக்குப் போட வருகிறாள். அட்டையில் அச்சடித்திருந்ததைப் பார்த்து நான் அந்த விதவையாகப் பேச வேண்டும். நல்ல வேடம்தான் கொடுத்திருக்கிறாய் என்றேன். அவள் சிரிக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் பலகை ஆலையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த அவள் அப்பா கிளிஃபோர்டும் அந்தத் தூசியால்தான் இறந்தார்.

"மேடம், உங்க கணவர் என்னைக்கு இறந்தாரு?" வழக்கறிஞர் குரலில் கேட்டாள்.

கண்ணாடியை மாடியில் வைத்துவிட்டு வந்திருந்தேன். அட்டை தெரியவில்லை. வாய் தானாகச் சொன்னது: "மார்ச் பதினஞ்சு."

பேனா நின்றது.

"அட்டையில ஜூன்னு போட்டிருக்கும்மா."

"தெரியல கண்ணு. வாய்ல வந்துடுச்சு."

"அப்பா சாவுக்குக் காரணம் அந்த ஆலைதான்னு உனக்கு எப்போ தெரியும்?"

"அவர் இருக்கும்போதே தெரியும். ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்களே."

அவள் விரல்விட்டு எண்ணினாள். எனக்கும் புரிந்தது. கிளிஃபோர்ட் இறந்த நாளிலிருந்து வழக்குப் போடச் சட்டம் தருவது மூன்று வருடம். அது வியாழக்கிழமையோடு முடிகிறது. தொழிற்சங்கத்து ஆள் கொண்டுவந்த வழக்குத் தாளில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று முதல் வருடமே சொன்னார்கள். போட்டால் அவர் இறந்தது உறுதியாகிவிடும் என்பதுபோல ஒரு எண்ணம் எனக்கு. போடாமலே இருந்துவிட்டேன்.

"நாளைக்குக் காலையில சங்க ஆபீஸ் போயி கையெழுத்துப் போடட்டுமா?"

ரொவீனா எழுந்து போய்க் கெட்டிலை வைத்தாள். முதுகைக் காட்டிக்கொண்டே பேசினாள்.

"அந்த ஆலைக்குக் காப்பீடு பண்ண கம்பெனி இருக்குல்ல, அதோட வக்கீல், வியாழக்கிழமை நான் போறேனே, இவங்கதாம்மா. முப்பது வருஷமா. போன வாரம்தான் படிச்சேன்."

"ஓ."

"வியாழக்கிழமை உள்ள போனதும் ஒரு படிவம் தருவாங்க. நீங்களோ குடும்பத்துல யாரோ எங்க கட்சிக்காரங்க மேல கேஸ் போட்டிருக்கீங்களான்னு. பொய் எழுதுனா ஜென்மத்துக்கும் வக்கீலாக முடியாது."

"உண்மைய எழுதுனா?"

"நல்லா சிரிச்சுப் பேசி, சாப்பாடு போட்டு அனுப்பிடுவாங்க."

கெட்டில் கொதித்து அணைந்தது. அவள் தேநீர் போடவில்லை.

"அம்மா, நீ போ, போகாத. உன் இஷ்டம். ஆனா என்கிட்ட சொல்லாத. எனக்குத் தெரியலேன்னா நான் எழுதறது பொய்யில்ல."

அவளுடைய அப்பா இறந்தபிறகு அலுவலகங்களில் எத்தனையோ பேர் எங்களிடம் அதே நிதானமான குரலில் பேசியிருக்கிறார்கள். என் வீட்டுக்குள் அந்தக் குரலை அன்றுதான் முதலில் கேட்டேன்.

புதன்கிழமை மழை பெய்தது. மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கதவு வரை போனேன். மாடியில் அவள் கண்ணாடி முன் நின்று, "ஏன் உங்கள் நிறுவனம் என்றால்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டைக் கழற்றினேன்.

வியாழக்கிழமை நான்கு மணிக்கு நீதிமன்ற அலுவலகத்தை மூடிவிட்டார்கள்; கெடு முடிந்தது. ஐந்தேகாலுக்குத் தொலைபேசி அடித்தது.

"நல்லா போச்சும்மா. இன்டர்வியூல ஒருத்தர் கேட்டாரு, கெடு முடிஞ்சு ஒரு நாள் கழிச்சு ஒரு விதவை வந்தா நம்ம கட்சிக்காரருக்கு என்ன சொல்வீங்கன்னு."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் தர வேண்டியதில்லன்னு சொன்னேன். அவருக்குப் பிடிச்சிருந்துது."

டிராம் கடந்து போகும் ஓசை கேட்டது. அவள் அழைப்பைத் துண்டிக்கவில்லை.

"அம்மா... நேத்து வெளிய எங்கயாச்சும் போனியா?"

"இல்ல கண்ணு. மழை."

மூச்சை மெல்ல வெளியே விட்டாள். நான் அதைக் கேட்டேன்.

"நல்லது," என்றாள்.