பாயின் இடது மூலை

என் வீட்டுக்காரர் என்னைக் கீழே விழவைக்கப் பார்க்கிறார் என்று பதினொரு நாட்கள் முழுசாக நம்பினேன். இப்போது சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளமே. பிரேக் பாகங்கள் செய்கிற தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகத் தர ஆய்வாளர். பளபளவென்று வருகிற துண்டை எல்லோரும் ஆகா ஓகோ என்று புகழ்ந்தாலும், அளந்து பார்க்காமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

எனக்கு மல்டிபிள் ஸ்க்லீரோசிஸ். வயரின் மேலுறையை எலி கடித்த மாதிரி என்று நரம்பு டாக்டர் விளக்கினார். நாலு வருடமாக அந்த எலி எங்கள் வீட்டில்தான் குடியிருக்கிறது. எப்போது வரும், எந்த வயரைக் கடிக்கும் என்று அதற்கே தெரியாது. டாக்டர் இரண்டு விஷயம் கறாராகச் சொல்லியிருந்தார். ஊசியை விடக் கூடாது. புதிதாக ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும், தள்ளிப்போட்டால் போனது திரும்பாமல் போகலாம்.

யோகா என் சொந்த ஏற்பாடு. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் உள்ள கூடத்தில் ஒரு பெண் சொல்லிக்கொடுக்கிறாள். வாயைத் திறந்தால் "மூச்சு, மூச்சு" என்பதால் அவளுக்கு மூச்சு டீச்சர் என்று பெயர் வைத்திருந்தேன். முதல் நாளே அவளைக் குடைந்தேன். "இதுல நோய் போயிடுமா?" என்றேன். "போகாதுங்க. விறைப்பு கொஞ்சம் இளகும், நிக்கறதுக்குத் தெம்பு வரும். அதுக்கு மேல நான் சொன்னா நம்பாதீங்க" என்றாள். அதனாலேயே அவளை நம்பினேன்.

பின்னறையில் அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவில் என் பாய் எப்போதும் விரித்தே கிடக்கும். தினமும் சுருட்டி எடுக்க முதுகு ஒத்துழைக்காது. அதன் பின் ஓரம் தரையோடுகளின் கோட்டோடு சரியாகப் பொருந்தியிருக்கும். காலை ஆறு மணிக்கு ஆறு சூரிய நமஸ்காரம், பிறகு அலமாரியைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது, பிறகு படுத்துக் கண்ணை மூடுவது. முடிந்ததும் அலமாரியைப் பிடித்து எழுந்து நேராகக் குளிக்கப் போய்விடுவேன். ஏழரைக்கு பஸ். நூலகத்தில் வேலை செய்கிற வீட்டுக்காரர் பத்து மணிக்குத்தான் கிளம்புவார்.

ஒரு நாள் மாலை கொண்டை ஊசி கீழே விழுந்தது. குனிந்து பாயைத் தூக்கித் தேடும்போது அதன் இடது பின் மூலைக்குக் கீழே, ஓட்டின்மேல், பென்சில் கோடுகள் தெரிந்தன. பன்னிரண்டு கோடுகள். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் ஜன்னல் பக்கமாக. பக்கத்தில் பொடி எழுத்தில் தேதி. ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் ஒரே ஆளுக்குத்தான் உண்டு.

என் மூளை உடனே வேலையை ஆரம்பித்துவிட்டது. அந்த மாதம் ஒற்றைக்காலில் நிற்கும்போது மூன்று முறை தடுமாறியிருந்தேன். அலமாரி கைக்கு எட்டாமல் போனது போல இருந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில், ஒரு வியாழக்கிழமை, டாக்டரிடம் கடிதம் வாங்க வேண்டும். எட்டு மணி நேரம் நின்று வேலை செய்யத் தகுதி உண்டு என்று அவர் எழுதினால்தான் என் வேலை நிலைக்கும். வீட்டுக்காரரோ ஒரு வருடம் முன்பே "போதும், வேலையை விட்டுடு" என்றவர். ஆக, பாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துகிறார். நான் விழுவேன். கடிதம் கிடைக்காது. காரியம் முடிந்தது.

அதற்குப் பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். அவருடைய கால்சட்டையில் முழங்கால் பக்கம் தூசி. குனிந்து செருப்பைக்கூட எடுத்து வைக்காத மனிதருக்கு முழங்காலில் என்ன தூசி? என் அக்காவோடு போனில் பேசிக்கொண்டிருந்தவர் நான் வந்ததும், "சரிங்க, அப்புறம் பேசறேன்" என்று வைத்தார்.

"அக்காகிட்ட என்ன ரகசியம்?"

"ரகசியம் என்ன ரகசியம்? சும்மா நலம் விசாரிச்சாங்க."

"என் நலத்தை என்கிட்ட விசாரிக்க மாட்டாங்களா?"

அவர் நூலக அட்டை ஒன்றைச் சட்டைப் பைக்குள் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

தொழிற்சாலையில் அளவுக் கருவியைச் சரிபார்த்ததும், திருகின் தலையிலிருந்து கருவியின் உடம்புவரை ஒரு சிவப்புக் கோடு இழுப்போம். யாராவது திருகைத் தொட்டால் கோடு இரண்டாக உடையும். அதே பொறியைத்தான் வைத்தேன். செவ்வாய் இரவு சிவப்பு நகப்பூச்சால் பாயின் இடது மூலையிலிருந்து ஓடுவரை ஒரே கோடு. புதன் காலை பார்த்தேன், உடையவில்லை. சரி, ஐயா நான் போன பிறகுதான் கைவரிசை காட்டுகிறார். வழக்கம்போல யோகா செய்தேன், குளித்தேன், "வர்றேங்க" என்று குரல் கொடுத்துக் கிளம்பினேன். தெருமுனையில் ஒரு பஸ்ஸைப் போகவிட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

கையும் களவுமாகப் பிடித்தேன். மனிதர் பின்னறையில் மண்டியிட்டு, ஒரு கையில் அடிஸ்கேல், காதில் பென்சிலோடு, பாயின் மூலையில் கை வைத்திருந்தார். சிவப்புக் கோடு உடைந்திருந்தது. பாயில் இருந்த பாதி, ஓட்டில் இருந்த பாதியைவிட்டு இரண்டு விரற்கடை தள்ளி ஜன்னல் பக்கம் போயிருந்தது.

"எத்தனை நாளா இந்த வேலை?" என்று கத்தினேன். "பாயை இழுத்து இழுத்து என்னை விழவைக்கலாம்னு பார்த்தீங்களா?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "நான் இன்னும் நகர்த்தவே இல்ல. இப்பதான் அளந்தேன்."

"பொய்."

"பொய்னா ஏறி நின்னு ஒரே ஒரு சுத்து செஞ்சு காட்டு. ஜன்னலைப் பார்க்காத. காலைப் பாரு."

அவருக்கு ஒரு பாடம் புகட்டலாம் என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். குனிந்து கைகளை ஊன்றினேன். வலது கால் பின்னால் போய் அழகாக முன்னால் வந்தது. இடது காலைக் கொண்டுவரும்போது தலையைத் தாழ்த்திப் பார்த்தேன். கால்விரல்கள் மேலே எழும்பவே இல்லை. பாயைக் கவ்விக்கொண்டு, அதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்தன. பாய் சுருங்கி மூலை நகர்வதைக் கண்ணால் பார்த்தேன். காலில் ஒன்றும் தெரியவில்லை. தூக்கி வைத்ததாகத்தான் கால் எனக்குச் சொன்னது.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு துண்டு அளவு தப்பினால் முதலில் கருவியைச் சந்தேகப்படு என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் ஓதுகிறவள் நான். வீட்டில் ஆள், அக்கா, பாய் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், இந்த ஒரு காலைத் தவிர.

அவர் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். இருபத்து மூன்று நாள், பாய் நகர்ந்த அளவு, தேதி வாரியாக. ஐந்து மில்லிமீட்டரில் ஆரம்பித்து நாற்பத்தொன்றுவரை. நானே குறை சொல்ல முடியாத பட்டியல்.

"தினமும் நீ போனதும் நேராக்கி வெச்சிடுவேன்" என்றார். "நீ பார்த்துட்டா யோகாவையும் விட்டுடுவியோன்னு பயம். காலையில அந்த ஒரு மணி நேரந்தான் நீ கொஞ்சம் சிரிச்ச முகமா இருக்கே. அக்காவும் நாளைக்குக் கடிதம் கைக்கு வரட்டும், அப்புறம் சொல்லுன்னாங்க."

"வேலையை விடுன்னு சொன்னதே நீங்கதானே?"

"சொன்னேன். நீ மூணு நாள் சாப்பிடாம சுவரைப் பார்த்துக்கிட்டு இருந்தே. அதை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாதும்மா."

அழுகை வந்தது. அதற்கு முன்னால் கோபம் வந்தது.

"எங்க வேலையில பெரிய குத்தம் எது தெரியுமா? அளவு தப்புன்னு தெரிஞ்சும் நல்ல பெட்டியில போட்டு மூடறது. இருபத்து மூணு நாள்! அன்னைக்கே சொல்லணும்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கிட்டாரே, காதுல விழலையா உங்களுக்கு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். காதில் விழுந்துதான் இருக்கிறது. பாவி மனிதர், தினமும் மண்டியிட்டு என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து என் வேலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

"பென்சிலைக் குடுங்க."

தொழிற்சாலையில் கழித்துவிட்ட துண்டுக்குச் சிவப்புச் சீட்டு. சரிசெய்ய முடியுமா என்று பார்க்க வேண்டிய துண்டுக்கு மஞ்சள் சீட்டு, அதில் இரண்டே வார்த்தை இருக்கும். நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் அந்த இரண்டு வார்த்தையை எழுதினேன்: நிறுத்தி வைக்கவும். கீழே கையெழுத்துப் போட்டேன்.

"டாக்டருக்குப் போன் போடுங்க. நாளைக்கு வேண்டாம், இன்னைக்கே வர்றோம்னு சொல்லுங்க."

"கடிதம்?"

கழுத்தில் தொங்கிய தொழிற்சாலை அடையாள அட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். அவர் போனை எடுத்தார். எடுத்தவர், பழக்க தோஷத்தில் குனிந்து பாயின் மூலையை நேராக்கப் போனார்.

"தொடாதீங்க" என்றேன். "அது இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்."