வீரமலை சார் கொண்டுபோன இங்கிலீஷ்

ஆங்கில ஆசிரியர் வீரமலை, சென்ற ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்கு ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டு வீட்டில் காலமானபோது, முப்பத்தாறு ஆண்டுகளாகத் தான் சொல்லிக்கொடுத்திருந்த ஆங்கிலம் முழுவதையும் உடன் எடுத்துச் சென்றுவிட்டார். அதே நிமிடத்தில், திருச்சியிலும் வெளியூர்களிலும் இருந்த அவருடைய நாலாயிரத்துச் சொச்சம் மாணவர்களுக்கு அந்த மொழி இல்லாமல் போயிற்று. தில்லைநகரில் முப்பதே நாளில் சரளமான ஆங்கிலம் என்று போர்டு மாட்டியிருந்த அற்புதசாமி, வகுப்பில் ஒரு வாக்கியத்தின் நடுவே வாயைத் திறந்தபடி நின்றார். இதுவும் பயிற்சியில் ஒரு பகுதி என்று நினைத்து எதிரே இருந்தவர்களும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டார்கள். கோர்ட்டில் ஒரு வக்கீலுக்கு 'மை லார்ட்' மட்டும் வந்தது, அது சீனியரிடம் கற்றது. அதற்கு மேல் எதுவும் வராததால் வழக்கம்போல வாய்தா கிடைத்தது. பஸ், டிக்கெட் போன்றவை யாரும் சொல்லிக்கொடுக்காமல் வந்த சொற்கள் என்பதால் அப்படியே இருந்தன. இரண்டு அரசு அலுவலகங்களில் இந்த இழப்பு வெள்ளிக்கிழமை வரை ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வீரமலை திருவெள்ளறையில் நிலக்கடலை பயிரிட்ட குடும்பத்தில் பிறந்தவர். அந்த வீட்டில் முதன்முதலாகப் பேனா பிடித்த கை அவருடையது. பிடித்த பிறகு அதைக் கீழே வைக்கவேயில்லை. பள்ளிக்கூடத்தில் அவரை நேசிக்காத பிள்ளை கிடையாது. ஒரே மகள் சுபஸ்ரீயிடம், அவள் பேசத் தொடங்கிய நாள்முதல் ஆங்கிலத்தில் மட்டுமே பேசினார். மனைவி பொன்னுத்தாய் கல்யாணமான புதிதில் தனக்கும் கற்றுத்தரச் சொன்னபோது, உனக்கு எதுக்கு என்று ஒரு தடவை கேட்டார். அந்த அம்மாள் மறுபடி கேட்கவில்லை. சுபஸ்ரீ பதினேழு வயதில் கல்லூரி விடுதியிலிருந்து, ராத்திரியில் அழுகை வருகிறது என்று வீட்டுக்கு எழுதிய கடிதம், ஆறு இடங்களில் சிவப்பு மையால் திருத்தப்பட்டு மறுதபாலில் அவளிடமே வந்து சேர்ந்தது. அதன் பிறகு அவள் அழுகையைப் பற்றி யாருக்கும் எழுதவில்லை. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்தாள், வருஷத்துக்கு ஒருமுறை வந்துபோனாள்.

பத்தாம் நாள் பழைய மாணவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தில் நினைவுக் கூட்டம் வைத்தார்கள். வாசலில் கட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி பேனரில் ஆங்கிலமே இல்லாததால், ஊரில் முதல் தடவையாக ஸ்பெல்லிங் பிழை இல்லாத பேனராக அது அமைந்தது. பேச வந்த பதிமூன்று பேரும் வேறு சமயமாக இருந்தால் சார் சொல்லிக்கொடுத்த ஆங்கிலக் கவிதையைச் சொல்லி முடித்திருப்பார்கள். அதுவும் சாரோடு போய்விட்டதால், வேறு வழியின்றி நடந்ததைச் சொன்னார்கள். காய்ச்சல் கண்டவனை சார் சைக்கிளில் வைத்துப் பெரியாஸ்பத்திரிக்கு மிதித்ததை ஒருவர் சொன்னார். அப்பா செத்த வாரம் சார் தினமும் வீட்டுக்கு வந்து தலையைத் தடவிவிட்டுப் போனதை அற்புதசாமி சொன்னார். அவர் எங்களுக்கு அப்பா மாதிரி என்று பதிமூன்று பேரும் முடித்தார்கள். முதல் வரிசையில் இருந்த சுபஸ்ரீ, அவர்கள் சொன்ன நாட்களையெல்லாம் மனதுக்குள் தன் பிறந்தநாட்களோடு ஒத்துப்பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பொருந்தின. கடைசியாக அவளை மேடைக்கு அழைத்தார்கள்.

"உங்களுக்கெல்லாம் அவரு அப்பா. எனக்கு ரொம்ப நல்ல வாத்தியாரு," என்று சொல்லி இறங்கினாள். பலமாகக் கைதட்டினார்கள்.

அவளுடைய போனில் ஒரு விஷயம் பாக்கி இருந்தது. சாவுக்கு ஒன்பது நாள் முன்பு, பண்டிகைக்கு வர முடியாது என்று அவள் அனுப்பிய மெயிலுக்குப் பதிலாக அப்பா ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். திருத்தமாகத்தான் இருக்கும் என்று அவள் திறக்கவில்லை. இப்போது திறந்தால் அவருடைய குரல் நாற்பத்தொரு வினாடி ஓடியது, ஒரு வார்த்தையும் விளங்கவில்லை. விளங்கக்கூடிய நண்பர்கள் பெங்களூரில் இருந்தார்கள்; அந்நியர் வாயால் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை. மறுநாள் காலை அடுக்களையில் உட்கார்ந்து, குரலையாவது கேட்கலாம் என்று ஓடவிட்டாள். பொன்னுத்தாய் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"மெயில் படிச்சாராம். ரெண்டாவது வரியில கமா விட்டுட்டியாம், பரவாயில்லங்குறாரு. என் முழங்கால் வலி தேவலையாம். அது பொய்."

சுபஸ்ரீ அம்மாவையே பார்த்தாள். "உனக்கு எப்படிம்மா புரியுது?"

"முன்னறையில டியூசன் நடக்கும், நான் இங்க இருப்பேன். காதுல விழுந்ததுதான். எனக்கு அவரு சொல்லிக்கொடுக்கல, அதனால கொண்டுபோகவும் முடியல." அரிசிக் கழுநீரை வடித்துவிட்டுத் தொடர்ந்தார். "கடைசியில ஒண்ணு தப்பா சொல்லியிருக்காரு. ஐ ஆம் மிஸ்ஸிங் யூங்குறாரு. ஐ மிஸ் யூன்னுதான் சொல்லணும்பாரு. இப்படி எழுதுன பிள்ளைங்களுக்கு எவ்வளவு மார்க் கொறைச்சிருப்பாரு."

"அப்படின்னா என்ன அர்த்தம்மா?"

"நீ இல்லாம அவருக்கு ஒரு மாதிரியா இருக்காம்."

சுபஸ்ரீ அந்தப் பதிவைப் பதினொரு தடவை ஓடவிட்டாள். பொன்னுத்தாய் பதினொரு தடவையும் அதே அர்த்தத்தைச் சலிக்காமல் சொன்னார். பிறகு சுபஸ்ரீ நிறைந்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் பிடிக்கக் கொல்லைக் குழாய்க்குப் போனாள். அரைமணி நேரம் அம்மா கூப்பிடவில்லை.

கருமாதி முடிந்தும் ஆங்கிலம் திரும்பவில்லை. முதலில் அற்புதசாமிதான் நாற்பது பக்க நோட்டோடு வந்து அடுக்களை வாசலில் உட்கார்ந்தார். அடுத்த வாரம் வக்கீல் வந்தார். பொன்னுத்தாய் இப்போது திங்கள் முதல் வெள்ளி வரை, மாலை ஐந்து மணிக்கு, கீரை ஆய்ந்துகொண்டே வகுப்பு எடுக்கிறார். சுபஸ்ரீ வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு, வக்கீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாள். ஆபீஸ் மீட்டிங்குகளில் ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்ததில், பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவர் என்று அவளுக்கு இந்த வருஷம் நல்ல பெயர். பொன்னுத்தாய் தரும் ஆங்கிலத்தில் குறை என்று பார்த்தால், அந்தக் காலத்தில் குக்கர் விசில் அடித்த இடங்களில் மட்டும் வார்த்தை விடுபட்டிருக்கிறது. எதிர்காலத்தில் ஒரு வேலை முடிந்திருக்கும் என்று சொல்வதற்கான வினைவடிவம், மிக்ஸி ஓடியதால் அவர் காதில் விழவேயில்லை. திருச்சியில் இப்போது அது கிடையாது. இதுவரை யாரும் அதைத் தேடி வரவில்லை.