தொட்டிக்கு அடியில் தலைவர்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: ஒன்பது வீடுகள் கொண்ட குடியிருப்பின் சங்கத் தலைவர், தமது சமையலறைத் தொட்டிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு போல்ட்டைத் தமது திருக்கரங்களாலேயே இன்று கழற்றவிருக்கிறார்.

காரணம் இல்லாமல் இல்லை. மாலை ஐந்து மணிக்குத் தலைவர் தேர்தல். வீட்டுக்கு ஒரு ஓட்டு, கைதூக்கி. எதிர்த்து நிற்பவர் மாடி வீட்டு டீச்சர். "எதுக்கெடுத்தாலும் ஆளைக் கூப்பிடாதீங்க, நாமே செய்வோம்" என்பதுதான் தலைவரின் முழக்கம். முழங்கியவர் வீட்டுக் குழாயே மூன்று வாரமாக ஒழுகுவது எட்டு வீட்டுக்கும் தெரியும். போல்ட்டு கழன்றால் புதுக் குழாய். புதுக் குழாய் வந்தால் மூன்றாம் முறையும் நாற்காலி.

தொட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை போகும் சந்து. தலைவர் மல்லாந்து படுத்து ஸ்பேனரை மாட்டினார்.

"அத்தான், முதல்ல ஒரு நூல் அளவு இறுக்குங்க. துரு விட்டுக்கொடுக்கும். அப்புறம் கழட்டுங்க" என்றான் ஸ்கூட்டர் மெக்கானிக்கான மச்சினன், முறுக்கைக் கடித்தபடி.

"கழட்டறதுக்கு எவனாவது இறுக்குவானா? போடா, போய் உன் ஸ்கூட்டரைப் பாரு."

அவர் விடாக்கண்டன், போல்ட்டு கொடாக்கண்டன். நாலு முறை ஸ்பேனர் வழுக்கியதில் போல்ட்டின் ஆறு மூலையும் மழுங்கிக் கோலிக்குண்டாகிவிட்டது. தலைவர் ஸ்பேனரை வீசிவிட்டுக் குறடோடு வலக்கையை உள்ளே விட்டார். கை போனது. கூடவே, போன தேர்தலில் சங்கம் பரிசளித்த தடித்த கடிகாரமும் போனது. திரும்பி வர இரண்டுக்கும் மனமில்லை.

"இழுக்காதீங்க அத்தான். இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிட்டு, திருப்பி எடுங்க."

"உனக்கு எல்லாமே தலைகீழ்தானாடா?"

இழுத்தார். இழுக்க இழுக்க மணிக்கட்டு வீங்கியது. மணி ஐந்தானது. வருகைப் பதிவேடு தலைவர் வீட்டில் இருந்ததால் கூட்டம் சமையலறைக்கே வந்து சேர்ந்தது.

"தலைவரே, வெளிய வரலையா?" என்றார் செயலாளர், இரண்டு பாதங்களைப் பார்த்து.

"முக்கியமான கட்டத்துல இருக்கேன். கையை எடுக்க முடியாது. நீங்க நடத்துங்க."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இடக்கை உடம்புக்கு அடியில் மரத்துக் கிடந்தது.

எண்ணினார்கள். நாலுக்கு நாலு. மிச்சம் இந்த வீட்டு ஓட்டு. தொட்டிக்கு அடியிலிருந்து ஒரு கால் மெல்ல உயர்ந்தது.

"விதியில கைன்னுதானே இருக்கு" என்றார் டீச்சர்.

விதியை எழுதியவர் தலைவர். கால் இறங்கியது.

"வீட்டுல வேற யாராவது தூக்கலாமே" என்றார் செயலாளர்.

தலைவருக்கு உயிர் வந்தது. முப்பது வருடமாகச் சோறு போட்டவள் நாற்காலி போடமாட்டாளா? "ஏம்மா, தூக்கிட்டியா?"

"தூக்கிட்டேங்க."

கைதட்டல் கேட்டது. தலைவர் தொட்டிக்கு அடியில் புன்னகை பூத்தார்.

"ரொம்ப நன்றிக்கா" என்றது டீச்சர் குரல்.

தலைவர் அதிர்ந்து எழப் பார்த்தார். நெற்றி தொட்டியில் இடித்தது. அந்த வேகத்தில் கை இன்னும் உள்ளே போய், திரும்பி, வெண்ணெயில் நழுவியதுபோல் வெளியே வந்தது. மச்சினன் இன்னொரு முறுக்கை எடுத்துக்கொண்டான்.

"ஏன்டி இப்படிப் பண்ணே?"

"மூணு வாரமா பாத்திரத்தை வாளியில கழுவறேன். தலைவரா இல்லேன்னா ஆளைக் கூப்பிடலாம்தானே?"

ஆறு மணிக்குப் பிளம்பர் வந்தார். அவள் காலை ஒன்பதுக்கே சொல்லி வைத்திருந்தாள்.