பிரித்து ஒட்டிய உறை

என் கணவன் கர்ட்டிஸ் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்டவனாக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்திருப்பேன், மனமாவது ஆறியிருக்கும்.

நான் மெர்லிதா. பிலிப்பைன்ஸில், இலோயிலோவில், தீவிர சிகிச்சைப் பிரிவில் எட்டு வருஷம் நர்ஸாக இருந்தவள். அமெரிக்க ராணுவ சார்ஜெண்டைக் கட்டிக்கொண்டு இங்கே வந்த நாளிலிருந்து முதியோர் இல்லங்களில் உதவியாள். குளிப்பாட்டலாம், துடைக்கலாம், ஊட்டலாம். மாத்திரையைத் தொடக் கூடாது. போன குளிர்காலத்தில் பிளெவின்ஸ் தாத்தாவின் உதடு நீலம் பாரிப்பதைப் பார்த்து, "உடனே ஆக்சிஜன் வைங்க" என்றேன். பணியிலிருந்த நர்ஸுக்கு இருபத்துமூன்று வயசு இருக்கும். "அதை நான் பாத்துக்கறேன். நீங்க விரிப்பை மாத்துங்க" என்றாள். மாற்றினேன். வேறென்ன செய்ய?

இந்த நாட்டில் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி நர்ஸ் வாரியம். அது உரிமம் கொடுத்தால்தான் நான் நர்ஸ். முதல் மாநிலத்தில் விண்ணப்பம் பாதி வழியில் இருந்தபோது ராணுவம் எங்களை மாற்றியது. இரண்டாவதிலும் அதே கதை. அங்கே என் கல்லூரி நேராக வாரியத்துக்கு அனுப்பிய மதிப்பெண் பட்டியல் வேறு தபாலில் தொலைந்தே போனது. அதனால் இந்த மூன்றாவது மாநிலத்தில் அதை என் வீட்டுக்கே வரவழைத்தேன். வாரியமும் சரி என்றது. ஒரே நிபந்தனைதான்: உறையின் மேல் கல்லூரி குத்திய முத்திரை உடையாமல் வந்து சேர வேண்டும். அதுவும் மார்ச் முடிவதற்குள். அதற்குப் பிறகு, உரிமத்துக்காக நான் எழுதிய ஆங்கிலத் தேர்வின் முடிவு செல்லாது.

உறை வந்த செவ்வாய்க்கிழமை நான் வேலையில் இருந்தேன். கர்ட்டிஸ் வீட்டில் இருந்தான். ராணுவம் அவனுக்குள் ஊறவைத்த பழக்கம் ஒன்று உண்டு. எந்தக் காகிதம் வந்தாலும் பிரி, மூன்று நகல் எடு, கோப்பில் போடு. உறையைப் பிரிக்கக் கூடாது என்று நான் அவனிடம் சொன்னேனா? சொல்லவில்லை. எங்கள் ஊர் நர்ஸ் வீடுகளில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் அது. இவனுக்குத் தெரியாது என்று என் மரமண்டைக்கு எட்டவே இல்லை.

வாசலிலேயே பல்லெல்லாம் தெரிய நின்றான். "மெர்லி, உன் காலேஜ்ல இருந்து வந்துடுச்சு! மூணு காப்பி எடுத்துட்டேன். ஒண்ணு கார்ல வெச்சிருக்கேன். வீடே எரிஞ்சாலும் கவலையில்ல."

"உறை எங்க?"

"இதோ. கிழியாம கத்தியால பிரிச்சேன். திருப்பி உள்ள வெச்சு டேப் போட்டுட்டேன். எவ்ளோ நீட்டா இருக்கு பாரு."

நீட்டாகத்தான் இருந்தது. முத்திரை நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என் தலையில மண்ணை வாரிப் போட்டுட்டியேடா பாவி!"

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துப்போயிற்று. "எனக்குத் தெரியாதே மெர்லி. நான் போன் பண்ணி என் தப்புன்னு சொல்றேன்" என்றான். "நீ ஒண்ணும் கிழிக்க வேணாம்" என்று கத்தினேன்.

ஊரில் என் தங்கை ஜெம்மா அன்றே கல்லூரிக்கு ஓடினாள். புதிய பட்டியல் தர எட்டு வாரம் ஆகும் என்றார்களாம். மார்ச் முடிய மூன்று வாரம்கூட இல்லை.

நெனிதா அக்கா வேலை செய்யும் கடைக்குப் போனேன். அவளும் சிப்பாய் மனைவிதான். எங்கள் நாட்டில், செபுவில், பிரசவ வார்டு நர்ஸாக இருந்தவள், பன்னிரண்டு வருஷமாக ராணுவ முகாம் கடைகளில் இறைச்சி வெட்டுகிறாள். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"டேப்பை எடுத்துட்டு பசை போட்டு ஒட்டு. முத்திரை நேரா சேரணும், அவ்ளோதான். அங்க உக்காந்திருக்கறவ நாளைக்கு நூறு உறை பாக்கறா. உன்னோடதை மட்டும் பூதக்கண்ணாடி வெச்சுப் பாக்கப் போறாளாக்கும்!"

"பாத்துட்டான்னா அக்கா?"

"பாத்துட்டா இங்க வா. இன்னொரு கத்தி சும்மாதான் கிடக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கிற நேரமா அது!

கெட்டில் ஆவியில் டேப்பை மெல்ல உரித்தேன். பசையைக் குச்சியால் தடவி முத்திரையின் இரண்டு பாதியையும் மயிரிழை பிசகாமல் சேர்த்தேன். ஊசி போடப் பச்சைக் குழந்தைக்கும் நரம்பு கண்டுபிடித்த கையல்லவா!

கர்ட்டிஸ் கதவருகே நின்றான். "இது சரியா மெர்லி?"

"நீ எனக்கு நியாயம் சொல்ல வராதே. போ அந்தப் பக்கம்."

கையெழுத்துப் போட்டு அன்றே தபாலில் சேர்த்தேன். மறு வாரமே வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. முத்திரை உடைக்கப்பட்டு மறைத்து ஒட்டப்பட்டிருக்கிறது, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது, இது பதிவேட்டில் நிற்கும் என்றிருந்தது. நான் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கர்ட்டிஸ் ஸ்பீக்கரில் போட்டு வாரியத்துக்கு போன் செய்தான்.

"மேடம், உறையைப் பிரிச்சது நான். அவ வீட்லயே இல்ல."

"சரி ஐயா. பசை போட்டு ஒட்டினது யாரு?"

அவன் என்னைப் பார்த்தான். பிறகு, "அதுவும் நான்தான்" என்றான்.

அந்தப் பெண் கத்தியிருந்தால்கூடத் தேவலாம். ரொம்பத் தன்மையாகச் சொன்னாள்: "கையெழுத்துப் போட்டு அனுப்பினது உங்க மனைவி. பாவம், ஏன் இப்படிப் பண்ணாங்க? உறை பிரிஞ்சு வர்றது அடிக்கடி நடக்கறதுதான். அந்த டேப்போடயே அனுப்பி ஒரு வரி எழுதியிருந்தா போதும். புது உறை வர்ற வரைக்கும் ஃபைலைத் திறந்தே வெச்சிருப்போம். ஃபைல் திறந்திருந்தா மார்ச்சுக்கு அப்புறமும் அவங்க ஆங்கிலத் தேர்வு முடிவு செல்லும்."

அவன் போனை வைத்தான். 'நான் அப்பவே கேட்டேனே' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவன்மேல் பாய்ந்து அழுது தீர்க்கலாம் என்று காத்திருந்தேன். பாவி, அதைக்கூடச் சொல்லவில்லை.

ஜூனில் மறுபடி மாற்றல் வந்தது. நான்காவது மாநிலம். பெட்டிகளைப் பிரிப்பதற்கு முன்பே அந்த ஊர் வாரியத்தின் விண்ணப்பத்தைத் திறந்தேன். என்ன நம்பிக்கையோ! ஆறாவது கேள்வியில் நின்றேன். 'திருத்தப்பட்ட ஆவணம் அளித்ததற்காக எந்த வாரியமாவது உங்களை நிராகரித்ததுண்டா?'

கர்ட்டிஸ் என் தோளுக்கு மேலாகப் படித்தான். "அதுல என் பேரைப் போடு மெர்லி. நான் பண்ணேன்னு எழுது" என்றான்.

"உன் பேரை எழுத இதுல இடமில்ல" என்றேன். 'ஆம்' என்ற கட்டத்தில் குறியிட்டேன். விவரம் கேட்டுக் கீழே நான்கு வரி விட்டிருந்தார்கள். 'ஒட்டியது நான்' என்று மட்டும் எழுதினேன். மீதி மூன்று வரிக்கு என்னிடம் ஒன்றுமில்லை.