பிடிவாதக்காரியின் முதுகில் ஒரு வீடு

நூபியாவின் வீட்டில் எந்தச் சட்டியையும் கொஞ்சம் யோசித்துத்தான் திறக்க வேண்டும். உள்ளே அவரைப்பருப்பு இருந்தாலும் இருக்கும், மண்ணெண்ணெயில் ஊறுகிற கார்புரேட்டர் இருந்தாலும் இருக்கும். அவள் புருஷன் லிபார்தோ ஒருமுறை பசி வேகத்தில் கரண்டியை விட்டுக் கலக்கியே பார்த்துவிட்டான். அன்றைக்கு அவன் போட்ட கூச்சல் மலைக்குக் கீழே கலார்க்கா சந்தை வரைக்கும் கேட்டிருக்கும்.

"அடியே, இது சமையக்கட்டா, ஒர்க்‌ஷாப்பா?"

"ரெண்டும்தான்யா. பசிச்சா இந்தப் பக்கம் வா, வண்டி நின்னா அந்தப் பக்கம் வா."

வண்டி என்பது அவள் அப்பா விட்டுப்போன வில்லிஸ் ஜீப். மஞ்சள் நிறம், லிபார்தோவை விட வயசு கூட. முன்கண்ணாடிக்கு மேலே அப்பா தன் கையாலேயே 'பிடிவாதக்காரி' என்று எழுதிவைத்திருந்தார். பொருத்தமான பெயர்தான். நாலு சக்கரமும் இழுக்கும். மழைக்காலச் சேற்றில் பளபளவென்று வந்த புது வண்டிகளெல்லாம் வழுக்கி ஓரங்கட்டும்போது, காப்பி மூட்டை, வாழைத்தார், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு இவள் மேலே ஏறிவிடுவாள். ஆனால் என்றைக்கு ஏறுவது என்பது இவள் இஷ்டம். மாட்டேன் என்று நின்றுவிட்டால், வாசலில் கோணியை விரித்து, நூபியா மல்லாக்கப் படுத்து அடியில் நுழைந்துவிடுவாள். கியர்பெட்டிக்கு கேஸ்கட் இல்லையென்றால் சோளமாவு வந்த அட்டைப்பெட்டியை வெட்டுவாள். சக்கரத்துக்கு கிரீஸ் அடைத்த கையோடு அரேப்பா என்கிற சோள ரொட்டி தட்ட வந்தால் லிபார்தோ வாசற்படியிலேயே மறித்து சோப்பை நீட்டுவான்.

இதில் வில்லங்கம் என்னவென்றால், அப்பா ஜீப்பை நூபியாவுக்கு மட்டும் விட்டுப்போகவில்லை. தம்பி அர்செசியோவுக்கும் பாதி. அவன் மலைக்குக் கீழே அர்மேனியா நகரத்தில் செருப்புக்கடை வைத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வாழ்கிறவன். ஜீப்பைக் கண்டாலே அவனுக்கு முகம் சுருங்கும். அப்படியிருக்க, விடுதி நடத்துகிற தோன் பப்ரீசியோ அந்த ஜீப்பின்மேல் கண் வைத்தார். எதற்கு? ஓட்டுவதற்கா? எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே மண்ணைக் கொட்டிப் பூச்செடி நட்டு, விடுதி வாசலில் நிறுத்தி வைப்பாராம். வருகிற வெள்ளைக்காரர்கள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்களாம். கேட்கும்போதே நமக்கே வயிறு எரிகிறது, நூபியாவுக்கு எப்படி இருந்திருக்கும்!

"பூச்சட்டியா? எங்கப்பன் வண்டி பூச்சட்டியாடா?"

"கத்தாதே அக்கா. ஓடுற நாளைவிட அது பிரிச்சுக்கிடக்குற நாள்தான் ஜாஸ்தி. உன் இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"என் இடுப்பைப் பத்தி நீ கவலைப்படாதே. நாலு வருஷமா எட்டிப் பார்க்காத பய, இடுப்பு விசாரிக்க வந்துட்டான்."

பேச்சு வளர்ந்து, ரோஷம் ஏறி, கடைசியில் ஒரு பந்தயத்தில் வந்து நின்றது. ஊர்த் திருவிழாவில் ஜீப்புகள் சுமையோடு போகிற யிப்பாவோ ஊர்வலம் இருக்கிறதல்லவா, அதில் வீடு மாற்றுகிற பிரிவில் ஜீப் கலந்துகொள்ள வேண்டும். ஒரு வீட்டுச் சாமான் முழுவதையும் ஒரே ஜீப்பில் கட்டி ஏற்றி, தள்ளாமல், சுமையில் ஒரு கரண்டிகூட இறக்காமல், கோயில் சதுக்கம் வரைக்கும் போக வேண்டும். வழியில் நிற்காமல் போய்ச் சேர்ந்தால் அர்செசியோ இனி விற்பதைப் பற்றி வாயே திறக்க மாட்டான். நின்றுவிட்டால் தோன் பப்ரீசியோவுக்கு. நூபியா யோசிக்காமல் சரியென்று தலையாட்டிவிட்டு, அப்புறம் ராத்திரி பூரா புரண்டு படுத்தாள்.

மறுநாளிலிருந்து வீடு வீடாக இல்லை. பிரேக் கட்டைகள் சாப்பாட்டு மேசையில், வால்வுகள் ஜன்னல் ஓரத்தில் வரிசையாக, பேரிங்குகள் கோழிக்கூட்டின்மேல். எல்லாவற்றையும் பிரித்தாள், தேய்த்தாள், பூட்டினாள். பெட்ரோல் பம்பை மட்டும் தொடவில்லை. புதிதாக ஒன்று வாங்கி டூல் பெட்டியில் வைத்திருந்தாள்தான். ஆனால் ஒழுங்காக ஓடுகிற பம்பை ஏன் நோண்ட வேண்டும், திருவிழா முடியட்டும் என்று விட்டுவிட்டாள்.

சாமான் ஏற்றும் வேலை லிபார்தோவுடையது. கயிறு கட்டுவதில் அந்த மலையிலேயே அவனுக்கு இணை கிடையாது, அந்தப் பெருமையும் அவனுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. பீரோ, கட்டில், மெத்தை, நாற்காலிகள், கேஸ் அடுப்பு, சட்டி பானை, மாதா படம், கூடையில் கோழி என்று எல்லாம் ஏறின. முடித்ததும் ஜீப்பைக் காணோம். நாலு சக்கரத்தில் ஒரு வீடு நின்றது.

ஊர்வலத்தில் நூபியா ஓட்டினாள். பக்கத்தில் லிபார்தோ ராஜா மாதிரி கையசைத்துக்கொண்டு வந்தான். வாத்தியம் முழங்க, ஜனங்கள் விசிலடிக்க, பிடிவாதக்காரி ஒரு முனகல்கூட இல்லாமல் வந்தாள். சதுக்கத்துக்கு இன்னும் ஒரே ஒரு ஏற்றம்தான் பாக்கி. ஏற்றத்தின் பாதியில் ஒரு இருமல். இன்னொரு இருமல். அவ்வளவுதான், நின்றுவிட்டாள்.

லிபார்தோ குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தான். நூபியா பானெட்டைத் திறந்தால், பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை.

"பம்பு போச்சு. பெட்டியை எடுய்யா, சீக்கிரம்!"

"எந்தப் பெட்டி?"

"டூல் பெட்டி! புதுப் பம்பு அதுலதானே இருக்கு!"

லிபார்தோவின் முகம் வெளுத்தது. "நீதானே சொன்னே, வீட்ல ஒரு துரும்பு பாக்கியில்லாம ஏத்தணும்னு..."

"சரி, எங்க ஏத்தினே?"

"கனமான சாமான் அடியிலதானே போகணும். மெத்தைக்கு அடியில... கட்டிலுக்கு அடியில... பீரோவுக்கும் அடியில."

"உன்னை அடியில வச்சுக் கட்டியிருக்கணும்யா!"

தெருவே சிரித்தது. நடைபாதையில் தோன் பப்ரீசியோவும் அவர் பக்கத்தில் அர்செசியோவும் நின்றிருந்தார்கள். அர்செசியோவும் சேர்ந்துதான் சிரித்தான், பொய் சொல்வானேன்.

தோன் பப்ரீசியோ ஜீப்பருகே வந்தார். "விடும்மா, எதுக்குச் சிரமம்? இங்கயே கிடக்கட்டும். நாளைக்கு மண்ணைக் கொண்டாந்து இதே இடத்துல செடியை நட்டுடலாம்" என்று சொல்லி, பளபளத்த பூட்ஸ் காலால் மட்கார்டை ஒரு தட்டு தட்டினார்.

"காலை எடுங்க" என்றான் அர்செசியோ.

"என்னப்பா?"

"காலை எடுங்கன்னேன்."

சொன்னவன் முகத்தில் சிரிப்பில்லை. நூபியா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டு நிற்க ஏது நேரம்? அவள் கண் சுமையின் பக்கவாட்டில் தொங்கிய கேஸ் அடுப்பில் போய் நின்றது. அதன் நீளமான ரப்பர் குழாய் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வண்டிக்குப் பின்னால் ஒரு கேன் பெட்ரோல் கட்டியிருந்தது. கேனை உச்சியில் வைத்தால் பெட்ரோல் தானாகவே கார்புரேட்டருக்கு இறங்குமே, பம்பு எதற்கு?

சமையல் கத்தியை உருவி, அடுப்பிலிருந்து குழாயை அறுத்தாள். போட்டி நடுவர் தோன்யா எதெல்மீரா ஓடிவந்தார்.

"ஏம்மா, சாமானை இறக்கக் கூடாது!"

"இறக்கலீங்கம்மா. இடம் மாத்துறேன். எங்க வீட்டுச் சாமான் எங்க வண்டியிலதான் இருக்கு, பாத்துக்குங்க."

நடுவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். குழாயின் ஒரு முனை கார்புரேட்டருக்கு. இன்னொரு முனையைக் கேனோடு பிடித்துக்கொண்டு உச்சியில் யாராவது உட்கார வேண்டுமே? நூபியா வண்டி ஓட்ட வேண்டும். லிபார்தோ தன் தொந்தியைப் பார்த்துக்கொண்டான். அவன் ஏறினால் அவன் போட்ட முடிச்சே அறுந்துவிடும்.

"நான் ஏறுறேன்" என்றான் அர்செசியோ.

"வெளியாள் ஏறக் கூடாது. சுமையில ஏறுறது அந்த வீட்டு ஆளா இருக்கணும். நீ இந்த வீட்டு ஆளா?" என்று நடுவர் கேட்டார்.

அர்செசியோ காது சிவக்க நின்றான். அப்புறம் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னான்: "இந்த வண்டியிலதாங்க நான் பொறந்தேன். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறப்ப இவ பாதி வழியில நின்னுட்டா. பின்சீட்லயே பொறந்துட்டேன். போதுமா?"

நூபியா வாயைப் பிளந்தாள். பள்ளியில் இதைச் சொல்லிக் கேலி செய்தவனின் பல்லைத் தட்டியவன் அவன். அதற்குப் பிறகு வீட்டில்கூட யாரும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. அவனுக்கு ஜீப்மேல் இருந்த வெறுப்பின் வேர் எது என்று அவளுக்குத் தெரியும். அதையே இன்றைக்கு அவன் வாயாலேயே நடுத்தெருவில் சொல்லிவிட்டான்.

"ஏறுப்பா" என்றார் நடுவர்.

வெள்ளைச் சட்டையோடு பீரோவைப் பிடித்து, நாற்காலியை மிதித்து, கோழியிடம் கொத்து வாங்கி அவன் உச்சிக்குப் போனான். குழாயின் கீழ்முனையைப் பிடித்து லிபார்தோ உறிஞ்சினான். வாய் நிறையப் பெட்ரோல். நூபியா முனையைப் பிடுங்கிக் கார்புரேட்டரில் இறுக்கினாள்.

"மாமா, பருப்பை விட ருசியா இருக்கா?" என்று மேலிருந்து கேட்டான் அர்செசியோ.

"இறங்கி வா மச்சான், உனக்கும் ஊத்துறேன்!" என்று துப்பினான் லிபார்தோ.

பிடிவாதக்காரி ஒரு உறுமு உறுமினாள். நூபியா நாலு சக்கரமும் இழுக்கும்படி பூட்டி, தாழ்ந்த கியரில் போட்டு கிளட்சை விட்டாள். வீடு நகர்ந்தது. "மெதுவா அக்கா, மெதுவா!" என்று உச்சியில் கேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தம்பி அலறினான். ஜனங்கள் இருபுறமும் கூடவே ஓடிவந்தார்கள், ஒருத்தரும் வண்டியில் கை வைக்கவில்லை. கோயில் சதுக்கத்தில் போய் நின்றபோது எழுந்த ஆரவாரத்தில் கோழி கூடையோடு துள்ளியது.

பரிசு வேறொரு வண்டிக்குப் போய்விட்டது. அதற்கு நூபியா கவலைப்படவில்லை. அவள் கவலையெல்லாம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தது.

"வந்து சேர்ந்துட்டீங்க, சந்தோஷம். ஆனா வழியில நின்னுபோச்சே? நிக்காம வரணும்னுதானே பேச்சு?" என்றார் தோன் பப்ரீசியோ.

அவர் சொன்னது நியாயம்தான். நூபியா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்துகொண்டாள். "ஆமா. நின்னுதான் போச்சு" என்றாள்.

தோன் பப்ரீசியோ உச்சியை அண்ணாந்து பார்த்தார். "அர்செசியோ, திங்கக்கிழமை லாரி அனுப்பட்டுமா?"

"திங்கக்கிழமை தோதுப்படாதுங்க. கடையைப் பூட்டிட்டு வரேன், பம்பு மாத்தணும்."

"அப்ப செவ்வாய்க்கிழமை?"

"செவ்வாய்க்கிழமை பின்சக்கரத்துல ஏதோ சத்தம் கேக்குது, அதைப் பாக்கணும்."

"புதன்கிழமை?"

அர்செசியோ உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தான். சட்டையில் பாதி கிரீஸ், பாதி கோழி எச்சம்.

"அக்கா, புதன்கிழமைக்கு இவளுக்கு என்ன வேலை இருக்கு?"

நூபியா கிரீஸ் கையாலேயே கண்ணைத் துடைத்தாள். முகம் பூரா அப்பிக்கொண்டது.

"இவளுக்கா? வேலைக்கா பஞ்சம்? வருஷம் பூரா இருக்குடா!"