போட்டு வைத்த கொக்கிகள்

ஒசேமின் உடலை ஏற்றிய கறுப்பு வண்டி திரும்ப முற்றத்தில் இடம் போதவில்லை. குறுக்கே நின்ற அவனுடைய பிக்கப்பைத் தெல்மாதான் நகர்த்த வேண்டியிருந்தது. இருக்கை அவன் காலுக்கேற்றபடி பின்னால் தள்ளியிருந்தது. புருஷனின் வண்டியில் அவளுக்கு பிரேக் எட்டவில்லை. நுனியில் உட்கார்ந்து வேலியோரமாக ஒதுக்கினாள். கறுப்பு வண்டி கிளிஞ்சல் பாதையை நொறுக்கிக்கொண்டு போய் மறைந்த பிறகும் இறங்கவில்லை. பின்தொட்டியிலிருந்து அழுகிய கோழியின் நாற்றம் வந்தது. நேற்றுக் கொக்கிகளில் மாட்டியதுபோக மிச்சம்.

கொக்கிகள். அப்போதுதான் நினைவு வந்தது.

முதலை வேட்டைப் பருவம் தொடங்கிய நாளென்று நேற்று இருவருமாகச் சதுப்புக்குப் போய், கரை மரங்களில் கயிறு கட்டிப் போட்டு வந்தார்கள். வந்ததும் இறாலும் சோறும் சாப்பிட்டான், நெஞ்சு கரிக்கிறது என்றான், படுத்தான். காலையில் காபியோடு போய்த் தொட்டபோது தோள் சில்லிட்டிருந்தது.

சமையலறையில் அக்கம்பக்கத்தார் மூடிபோட்ட பாத்திரங்களோடு நின்றார்கள். ஒசேமின் தம்பி கார்வின் தொப்பியைக் கையில் சுருட்டியபடி வந்தான்.

"அண்ணி, டவுனுக்குப் போய் பெட்டி பாக்கணுமாம். கிளம்புங்க."

"நீ போ. நான் கொக்கியெல்லாம் பாத்துட்டு வந்துடறேன்."

"இன்னிக்கா? ஊர் என்ன பேசும், அண்ணி?"

"பேசட்டும்."

"பெட்டிய நான் எப்படி... அண்ணனுக்கு ஒரு சட்டைகூட எடுத்துக் குடுத்தது இல்லையே நான்."

"நீளமா பாரு. கால மடக்கிப் படுக்க அவருக்குப் பிடிக்காது."

வனவிலங்குத் துறை அதிகாரி ஏபேர் சீருடையோடே துக்கம் கேட்க வந்திருந்தார். கோப்பையைக் கீழே வைத்தார். "தெல்மாம்மா, கொக்கிய தெனமும் பாக்கணும்னு சட்டந்தான். ஆனா இன்னிக்கு உங்கள யாரு கேக்கப் போறாங்க? நானே கேக்க மாட்டேன்."

"மாட்டிக்கிட்டு கெடக்கற முதலைக்கு அது தெரியுமா?"

ஏபேர் எழுந்தார். வாசல்வரை கூடவே வந்தார். "நான் வரட்டுமா?"

"வேணாம்."

கல்யாணமானதிலிருந்து படகின் பின்னால் எஞ்சினைப் பிடிப்பது அவள், முன்னால் நின்று கயிற்றை இழுப்பது ஒசேம். தலை மேலே வந்ததும் சுடுவது அவள். கை நடுங்காதவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவான்.

இன்று தனியாகவே படகை ஓட்டிப் போனாள். முதல் கொக்கிகளை எதுவும் தொட்டிருக்கவில்லை. இனி யார் வந்து பார்ப்பது? ஒவ்வொன்றாக அவிழ்த்து, இரையைத் தண்ணீரில் வீசிவிட்டுக் கயிற்றைச் சுருட்டினாள். கை பழக்கத்தில் வேலை செய்தது. பாசி படர்ந்த சைப்ரஸ் மரத்தடியில் கட்டியிருந்த கயிறு மட்டும் விறைப்பாகத் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது.

இழுத்துப் பார்த்தாள். கீழேயிருந்து அது திருப்பி இழுத்தது. உள்ளங்கை எரிந்தது. இழுத்துப் பிடித்தால் துப்பாக்கியை எடுக்க முடியவில்லை. துப்பாக்கியை எடுத்தால் கயிறு போய்விடுகிறது. கடைசியில் கயிற்றைப் படகு கட்டும் வளையத்தில் சுற்றிவிட்டு, துப்பாக்கியை மடியில் வைத்து உட்கார்ந்தாள். முதலை படகை இப்படியும் அப்படியும் இழுத்தது. அவள் அதை இழுக்க விட்டாள். இழுத்து ஓய்ந்து, மூச்சுக்காக அது தலையைத் தூக்கியபோது, தலைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில் சுட்டாள்.

சத்தம் அடங்கியது. வெடித்ததும் ஒசேம் தண்ணீரைப் பார்த்து, குழந்தையிடம் பேசுவதுபோல, "முடிஞ்சுது, முடிஞ்சுது" என்பான். ஒரு தடவையும் தவறியதில்லை. அவள் காத்திருந்தாள். கலைந்து பறந்த கொக்கு ஒன்று திரும்பி வந்து அதே கிளையில் உட்கார்ந்தது.

பிடித்த முதலையைக் கணக்கில் காட்ட அரசு கொடுத்த அடையாளப் பட்டையை வாலில் பூட்டக் குனிந்தாள். சதுப்பில் எத்தனை முதலைக் கூடுகளோ அதற்கேற்ற பட்டைகள். பட்டை தீர்ந்தால் வேட்டையும் தீர்ந்தது. ஒசேம் சிறுவனாக இருந்தபோது இந்தச் சதுப்பில் ஊரார் சுட்டுத் தீர்த்ததில், காட்டுவதற்குக்கூட ஒரு முதலை மிச்சமில்லை. அரசு வேட்டையையே நிறுத்தி வைத்து, அவை பெருகிய பிறகுதான் பருவத்தைத் திறந்துவிட்டது.

விரல் வாலின் முகட்டில் ஓர் இடைவெளியில் தட்டுப்பட்டது. ஒரு முள்செதில் இல்லை. கத்தியால் வெட்டி, ஆறி, வழவழப்பாகிவிட்ட பழைய காயம்.

கோடையில் கூடுகளிலிருந்து எடுத்த முட்டைகள் முதலைப் பண்ணைக்குப் போகும். பொரித்து வளர்ந்ததில் ஒரு பங்கைத் திரும்ப இங்கேயே விடவேண்டும். அடையாளத்துக்கு இப்படி ஒரு செதிலை நறுக்கித் தருவார்கள். சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, "போய் பெரியவனாகு" என்று இறக்கிவிடுவது ஒசேமின் வேலை. பாதிகூடத் தேறாது என்று அவள் கேலி செய்வாள்.

"ஒசே, இங்க பாருங்க, இது நாம விட்ட..."

நிமிர்ந்து, முன்பக்கம் பார்த்து, வாயை மூடிக்கொண்டாள்.

தனியாகத் தூக்கிப் போட முடியாத பாரம். படகின் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டி மெதுவாக ஓட்டி வந்தாள். வீட்டுக்கு முன்னால் கார்கள் கூடியிருந்தன. உள்ளே யாரோ எதற்கோ சிரித்து, சட்டென்று நிறுத்தினார்கள். கரையில் ஏபேர் கயிற்றை வாங்கக் கையை நீட்டியபடி நின்றார்.

படகுத்துறைக்குச் சற்று முன்னாலேயே எஞ்சினை அணைத்தாள். ஆளில்லாத முன்பக்கம் தண்ணீரைவிட்டு உயர்ந்து நின்றது. காற்று அதை மெல்லக் கரையைவிட்டுத் திருப்பியது. அவள் துடுப்பை எடுக்கவில்லை.