டீ பிரேக்

பல்கலைக்கழகச் சமையலறையில் காலையிலிருந்தே ஷீனா வைன் கிளாஸ்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலே பெரிய மண்டபத்தில் பட்டமளிப்பு. முடிந்ததும் பெற்றோர்கள் கூட்டமாக இறங்கி வந்து புல்வெளியில் வைனும் ஸ்ட்ராபெர்ரியும் கேட்பார்கள். கிளாஸ்கோவில் மழை இல்லாத நாள் வேறு, கேட்கவா வேண்டும்.

இந்த வருடம் பட்டம் வாங்குபவர்களில் லோர்னாவும் ஒருத்தி. இதே சமையலறையில் மாலை வேலை பார்த்துக்கொண்டே செவிலியர் படிப்பு படித்தவள். ஆறு வயதில் அரசாங்கம் அவளைத் தாயிடமிருந்து பிரித்தது. அதன்பின் வளர்ப்பு வீடு மாற்றி வளர்ப்பு வீடு. முதல் வருடம் கிறிஸ்துமஸுக்கு விடுதியை மூடி எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னபோது, போக வீடில்லை என்று இங்கேதான் வந்து நின்றாள். தொழிற்சங்கப் பிரதிநிதியான ஷீனா ஒவ்வொரு அலுவலகமாக ஏறி மல்லுக்கட்டினாள். இப்போது அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விடுமுறையிலும் அறை உண்டு.

விருந்தினர் சீட்டு தலைக்கு இரண்டு. லோர்னா அவற்றை ஷீனாவுக்கும் சமையல்காரர் டகலுக்கும் கொடுத்திருந்தாள். மேலாளர் கெடஸ் விடுப்பு தரவில்லை. பரவாயில்லை, காலி நாற்காலி தனக்குப் புதிதில்லை என்று லோர்னா சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் ஷீனாவுக்குப் பிடிக்கவில்லை.

செவிலியர் மாணவர்களை அழைக்கும் குரல் ஒலிபெருக்கியில் கேட்டது. ஷீனா துணியைக் கீழே போட்டாள்.

"டீ பிரேக்," என்றாள்.

"ஒவ்வொருத்தரா, முறை வச்சுத்தானே போவீங்க?" என்றார் கெடஸ்.

"முறை வச்சுப் போறது நாங்களா உங்களுக்கு விட்டுக்கொடுத்தது. கால் மணி நேரம் எங்களோடது. எங்க நின்னு குடிக்கிறோம்னு நீங்க கேக்க முடியாது."

சமையலறை ஆட்கள் ஒன்பது பேரும் ஏப்ரனோடு பின்படிக்கட்டில் மண்டபத்தின் மேல்மாடத்துக்கு ஏறினார்கள். இரண்டு சீட்டையும் ஒன்பது தலையையும் வாசல்காரர் மாறி மாறிப் பார்த்தார். அவரும் அதே சங்கம்தான். தொண்டையைச் செருமிவிட்டுக் கூரையை ஆராயத் தொடங்கினார்.

மேடையில் எல்லாருக்கும் ஒரே கறுப்பு அங்கி. வேந்தர் ஒரு தொப்பியால் தலையைத் தொட்டுப் பட்டம் வழங்க, ஒரு பெண் குனிந்தாள். டகல் அவசரப்பட்டு எங்கள் பிள்ளை என்று கத்த, மற்றவர்களும் சேர்ந்து ஆரவாரித்தார்கள். அது யாரோ ஒருத்தி. அவள் திகைத்துப்போய்க் கையசைத்தாள், மண்டபமே சிரித்தது. வரிசையில் அடுத்து நின்ற லோர்னா நிமிர்ந்து பார்த்தாள். மேல்மாடம் முழுக்க வெள்ளை ஏப்ரன்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு அவள் பெயர் வந்தபோது எழுந்த சத்தத்துக்கு அன்று எந்தக் குடும்பமும் கிட்ட வரவில்லை. ஷீனாதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினாள். அவ்வளவு சந்தோஷம்.

கீழே அழுக்குக் கிளாஸ்கள் குவிந்து கிடந்தன. லோர்னா பழக்கத்தில் அங்கியின் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். ஷீனா அவளை வெளியே தள்ளினாள்.

"இன்னிக்கு நீ இதைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன் கண்ணு. போய் விருந்தாளியா நில்லு."

புல்வெளியில் ஷீனாவின் தட்டிலிருந்தே லோர்னா ஒரு கிளாஸ் எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் அலங்காரத் தொப்பி வைத்த ஒரு தாய் அன்பாக விசாரித்தாள்.

"உங்க வீட்டு ஆளுங்க வரலையாம்மா?"

"வந்திருக்காங்களே." லோர்னா ஷீனாவின் தோளில் கை போட்டாள். "இவங்கதான்."

அந்த அம்மாள் ஷீனாவைப் பார்த்து, ரொம்ப சந்தோஷம் என்று சிரித்தாள். பிறகு தன் காலிக் கிளாஸை ஷீனாவின் தட்டில் வைத்துவிட்டு, நிறைந்த கிளாஸ் ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி நின்றாள்.